ஜான் போஸ்டல் – எண் காத்த ஏந்தல்

திருமலைக்குச் செல்லும் வழிகள் பல. அலிபிரியிலிருந்து படியேறுவோர் உளர். சந்திரகிரிப் பக்கத்தில் ஸ்ரீவாரி மெட்டு வழியாக ஏறுவோரும் உளர். வண்டியில் செல்வோர்க்கு 1944-இல் திறக்கப்பெற்ற மலைப்பாதை ஒன்றும், 1974-இல் திறக்கப்பெற்ற மலைப்பாதை ஒன்றும் இருக்கின்றன. பின்னது ஏறுவதற்கும் முன்னது இறங்குவதற்குமாக வகுக்கப்பட்டுள்ளன. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையில் ஏறும் பாதையிலே பாறைகள் சரிந்தபொழுது, வண்டிகள் மறு பாதைக்குத் திருப்பி விடப்பட்டன. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்த அடியவர்க்கு இவ்விவரம் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் அறிந்தது திருமலை என்னும் பெயர் ஒன்றே. எந்தப் பாதையில் இன்று போகவேண்டும் என்பதை அடிவாரத்தில் நிற்பவர் சொல்லி அனுப்பினால் போதும்.

நாம் நாள்தோறும் கையாளும் இணையத்திலும் இப்படி அடிவாரத்தில் நின்று வழி சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதனை டி.என்.எஸ். என்பர், தமிழில் பெயர்முறை எனலாம். நாம் ஒரு பெயரைத் தட்டுகிறோம். அப்பெயருக்குரிய கணினியின் எண்ணை அது நமக்குத் தருகிறது. ஒரு கணினி களைத்தால் வேறொன்றைக் காட்டுகிறது. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்றுக்கு ஆற்றுப்படுத்துகிறது. இவ்வேற்பாட்டை உலகுக்கு நிலைநிறுத்தித் தந்தவர்களுள் தலையாய ஒருவர் ஜான் போஸ்டல். அவருடைய வாழ்க்கையைச் சிறிது காண்போம்.

பிறப்பும் கல்வியும்

ஜோனத்தன் புரூஸ் போஸ்டல் 1943-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரை அடுத்த ஆல்டடீனா என்னும் ஊரில் பிறந்தார். வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியிலே பயின்றார். பிற்காலத்தில் இணையத்தின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்பட்ட வின்டன் செர்ஃபும், ஸ்டீவ் குரோக்கரும் அதே பள்ளியின் மாணவரே. ஒரு பள்ளியின் சுவர்களுக்குள்ளிருந்து இம்மூவரும் வெளிவந்தனர் என்பது எண்ணி வியத்தற்குரியது.

பின்னர் லாஸ் ஏஞ்சலீசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1966-இல் பொறியியலில் இளநிலைப் பட்டமும், 1968-இல் முதுநிலைப் பட்டமும், 1974-இல் கணினி அறிவியலில் டாக்டர் பட்டமும் பெற்றார். அவர் ஆராய்ச்சி மாணவராக இருந்த காலம் ஒரு புதுமை தோன்றிய காலம். 1969-ஆம் ஆண்டு செப்டம்பரில், பேராசிரியர் கிளைன்ராக்கின் ஆய்வுக்கூடத்திலே அர்ப்பாநெட் என்னும் வலையின் முதற்கண்ணி பொருத்தப்பட்டது. அக்டோபர் 29-ஆம் நாள் அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்திற்கு முதற்செய்தி சென்றது. அவ்வாண்டின் முடிவில் வலையில் இருந்த இடங்கள் நான்கே. அந்நான்கனுள் ஒன்றிலே பணியாற்றிய இளைஞர் குழுவில் போஸ்டலும் ஒருவர்.

குறிப்பேடு ஏந்தியவர்

வலையை அமைத்த இளைஞர்கள் தம் எண்ணங்களைச் சிறு சிறு குறிப்புகளாக எழுதிச் சுற்றுக்கு விட்டனர். கட்டளையாக அன்றிக் கருத்து வேண்டி எழுதப்பட்டமையால் அவற்றுக்கு அப்பொருள் தரும் பெயரையே சூட்டினர்; இன்று ஆர்.எஃப்.சி. என்று சுருக்கமாக வழங்குகிறோம். முதற்குறிப்பை 1969 ஏப்ரலில் குரோக்கர் எழுதினார். அக்குறிப்புகளைத் தொகுத்து, எண்ணிட்டு, பிழை நீக்கி வெளியிடும் பொறுப்பு போஸ்டலின் தோளில் விழுந்தது. விழுந்த சுமையை அவர் இறுதி மூச்சு வரையில் இறக்கி வைக்கவில்லை. அவர் மறைந்த காலத்தில் குறிப்புகளின் எண்ணிக்கை 2,400-ஐக் கடந்திருந்தது. இருநூறுக்கு மேற்பட்டவற்றை அவரே எழுதியிருந்தார்.

வேறொரு பணியும் அவரைத் தேடி வந்தது. கணினிகள் தம்முள் உரையாடுதற்கு எண்கள் வேண்டும். ஒரே எண்ணை இருவர் இருவேறு காரியங்களுக்குக் கொண்டால் குழப்பமே விளையும். ஆதலின் யாரேனும் ஒருவர் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டு மே மாதக் குறிப்பொன்றில் போஸ்டல் எழுதி, அவ்வேலைக்குத் தம்மையே முன்நிறுத்தினார். பெருமை ஒன்றும் இல்லாத எழுத்தர் வேலை அது. போட்டிக்கு வருவார் எவரும் இலர். ஆனால் அந்தச் சிறு கணக்கே வளர்ந்து, உலகத்து இணைய எண்கள் அனைத்துக்கும் மூலக் கணக்காயிற்று. 1977 முதல் அவர் தென்கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தகவலியல் கழகத்திலே, மெரீனா டெல் ரே என்னும் கடற்கரையூரில் இருந்து அப்பணியைச் செய்தார். ஜாய்ஸ் ரேனால்ட்ஸ் என்னும் அம்மையார் அவருக்கு உற்ற துணையாய் இருந்தார்.

இவற்றிடையே இணையத்தின் அடிப்படை விதிகளையும் அவர் தொகுத்தார். 1981 செப்டம்பரில் வெளியான ஐ.பி., டி.சி.பி. விதிகளின் பதிப்பாசிரியர் அவரே. கணினி அஞ்சல் செல்லும் முறையை 1982-இல் வகுத்தவரும் அவரே. தான் அனுப்புவதில் கண்டிப்பும், பிறர் அனுப்புவதை ஏற்பதில் பெருந்தன்மையும் ஒரு கணினிக்கு வேண்டும் என்பது அவர் அவ்விதிகளில் பொதித்த நெறி. மனிதர்க்கும் அது பொருந்தும் அன்றோ?

ஒரு பட்டியலின் இடர்

அக்காலத்தில் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டிருந்தன. அப்பட்டியல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தில், எலிசபெத் ஃபைன்லர் அம்மையாரின் பொறுப்பில் இருந்தது. புதிய கணினி ஒன்று சேர்ந்தால் அங்கே சொல்லிப் பதிய வேண்டும். மற்ற எல்லாக் கணினிகளும் அவ்வப்போது அப்பட்டியலைப் படியெடுத்துக் கொள்ள வேண்டும். 1981 ஆகஸ்டில் வலையில் இருந்த கணினிகள் 213. 1983 ஆகஸ்டில் 562. ஊர் சிறிதாய் இருந்தவரை ஒரு பட்டியல் போதும். ஊர் பெருகப் பெருக, பட்டியலும் நீண்டது. அதைப் படியெடுக்க வருவோரும் பெருகினர். படியெடுத்தது மறுவாரமே பழையதாயிற்று. அந்த ஓர் இடம் ஓய்ந்தால் புதுப் பெயர் எதுவும் உலகுக்குத் தெரியாது.

இவ்விடரைக் களைவதற்குப் போஸ்டல் முனைந்தார். வேறு வேறு அறிஞர் கூறிய யோசனைகளை ஒப்புநோக்கி ஒரு முடிவு காணுமாறு தம் கழகத்திலிருந்த பால் மொக்கபெட்ரிசிடம் ஒப்படைத்தார். மொக்கபெட்ரிசோ யோசனைகளுக்கு இடையே சமரசம் செய்வதை விட்டுத் தாமே புதியதொரு முறையைப் படைத்தார். 1983 நவம்பரில் அது வெளியாயிற்று. அதே மாதத்தில், பழைய பட்டியலிலிருந்து புதிய முறைக்கு உலகம் எந்நாளில் எவ்வாறு மாறவேண்டும் என்னும் கால அட்டவணையைப் போஸ்டல் வெளியிட்டார். முறையைக் கண்டவர் மொக்கபெட்ரிஸ். அதற்கு வழி திறந்து, உலகை அதன்பால் அழைத்துச் சென்றவர் போஸ்டல்.

பெயர்முறை வேலை செய்யும் விதம்

நமக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டே இதனை விளங்கிக் கொள்ளலாம். திருமலை தேவஸ்தானத்தின் இணையப் பெயர் இன் என்று முடிகிறது. அதற்கு முன் கவ், அதற்கு முன் ஏ.பி., அதற்கும் முன் தேவஸ்தானத்தின் பெயர். இதனை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இன் என்பது இந்தியா, கவ் என்பது அரசு, ஏ.பி. என்பது ஆந்திரப் பிரதேசம். உச்சியில் இருக்கும் வேர் வழங்கிகளுக்குத் தேவஸ்தானத்தின் எண் தெரியாது. இன் என்பதற்குப் பொறுப்பாளர் யார் என்பது மட்டும் தெரியும். அவர் அடுத்தவரைக் காட்டுவார்; அடுத்தவர் அதற்கடுத்தவரைக் காட்டுவார்.

நம் மாவட்ட ஆட்சியும் இத்தன்மையதே. மாநிலத் தலைநகரில் இருப்பவர் ஒவ்வொரு சிற்றூரின் வீட்டெண்ணையும் வைத்திருப்பதில்லை. மாவட்ட அலுவலகம் எது என்று மட்டும் அறிவார். 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி மாவட்டம் உண்டானபொழுது, திருக்காளத்தியின் பெயர் மாறவில்லை. அவ்வூருக்குப் பொறுப்பான அலுவலகம் எது என்னும் ஒரு குறிப்புத்தான் மேலே மாறியது. பெயர்முறையிலும் பொறுப்பு இப்படியே பகிர்ந்தளிக்கப்படுகிறது.

இன்னொரு விதியும் அதில் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் விடை சொல்லும் வழங்கிகள் இரண்டேனும் இருத்தல் வேண்டும். ஒன்று விழுந்தால் மற்றொன்று சொல்லும். கேட்டவர் பெற்ற விடையைக் குறித்ததொரு காலம் வரை தம்மிடம் சேமித்து வைத்துக்கொள்ளலாம். அக்காலத்தை விடை சொல்பவரே வினாடிக் கணக்கில் குறித்துத் தருவார். அது கழிந்ததும் மீண்டும் கேட்க வேண்டும்.

சுமை பகிரும் கலை இங்கேதான் தோன்றுகிறது. ஒரு பெயருக்கு ஓர் எண்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தரிசனச் சீட்டு வழங்கும் நேரத்தில் இலட்சக்கணக்கானோர் ஒரே பெயரைக் கேட்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அப்பெயருக்கு மூன்று கணினிகளின் எண்களைப் பதிந்து, முதலாமவருக்கு ஒன்று இரண்டு மூன்று என்றும், அடுத்தவருக்கு இரண்டு மூன்று ஒன்று என்றும் சுழற்றிச் சுழற்றிச் சொன்னால், கூட்டம் ஏறத்தாழ மூன்றாகப் பிரிந்துவிடும். இம்முறையையும் அதன் குறைகளையும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தாமஸ் பிரிஸ்கோ 1995 ஏப்ரலில் 1794-ஆம் குறிப்பாக எழுதினார். அதனைப் பதிப்பித்தவரும் போஸ்டலே.

குறைகள் எவை? மூன்றில் ஒன்று திடீரெனப் படுத்துவிட்டது என்போம். சுழற்றிச் சொல்பவருக்கு அது தெரியாது. முன்போலவே அதன் எண்ணையும் சொல்லிக்கொண்டிருப்பார். எனவே ஒவ்வொரு கணினியும் நலமாக இருக்கிறதா என்று அடிக்கடி தட்டிப் பார்த்து, படுத்ததன் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கும் காவலன் ஒருவன் வேண்டும். நீக்கிய பின்னும், பழைய விடையைச் சேமித்து வைத்திருப்போர் அக்காலம் முடியும்வரை அந்த இறந்த எண்ணையே தட்டக்கூடும். சேமிப்புக் காலம் 300 வினாடியானால் ஐந்து நிமிடத்தில் இடர் தீரும். 86,400 வினாடியானால் ஒரு நாள் முழுதும் மூன்றில் ஒரு பங்கினர் அல்லலுற நேரும். அப்படியாயின் காலத்தைக் குறைத்தே வைக்கலாமே எனின், ஒரு நாளுக்கு ஒருமுறை கேட்டவர் 288 முறை கேட்பார்; விடை சொல்பவருக்குச் சுமை ஏறும். ஒரு கல்லூரி முழுவதற்கும் ஒரே இடத்தில் விடை சேமிக்கப்படுமானால், ஆயிரம் மாணவரும் ஒரே கணினியின்மேல் விழுவர், பங்கீடும் சமமாகாது. விரைவு வேண்டுமா, சுமைக்குறைவு வேண்டுமா என்று நிறுத்துப் பார்த்தே காலத்தைக் குறிக்க வேண்டும்.

காவலனும் பிழை செய்வான். 2021 அக்டோபர் 4-ஆம் நாள் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள்வலையில் ஒரு பிழை நேர்ந்தது. அதன் பெயர் வழங்கிகள் தம் தரவு மையங்களை அணுக முடியாமையால், தாமே நலமாக இல்லை என்று முடிவு செய்து, ஒருங்கே உலகின் கண்ணிலிருந்து விலகிக்கொண்டன. ஒன்று விலகியிருந்தால் மற்றது காத்திருக்கும். எல்லாம் ஒரே காரணத்தால் விலகின. ஏறத்தாழ ஆறு மணிநேரம் அப்பெயரே இணையத்தில் இல்லை போலாயிற்று. இரண்டு வைத்தல் மட்டும் போதாது. இரண்டும் ஒரே காரணத்தால் வீழாதிருத்தல் வேண்டும். வழங்கிகள் வெவ்வேறு வலைகளில் இருத்தல் வேண்டும் என்று போஸ்டல் அன்றே வற்புறுத்தியதன் பொருள் இதுவே.

அறங்காவலர்

நாடுகளுக்குப் பெயர் வழங்குங்கால் எது நாடு, எது நாடன்று என்னும் வழக்கு எழுந்தது. போஸ்டல் அதனைத் தாம் தீர்க்க மறுத்தார். உலகத் தர நிறுவனம் வெளியிட்ட ஈரெழுத்துப் பட்டியலையே பின்பற்றினார். தமக்கு வாய்த்த அதிகாரத்தைச் சுருக்கிக்கொள்வதே அவர் அறிவுடைமை. அப்பட்டியலின்படியே 1989-இல் இந்தியாவுக்கு இன் என்னும் பெயர், பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பில் தரப்பட்டது. பெயரைப் பெற்றவர் அதற்கு உடைமையாளர் ஆகார். தம் நாட்டு மக்களுக்கும் உலகுக்கும் அறங்காவலரே ஆவர் என்று 1994-ஆம் ஆண்டுக் குறிப்பில் அவர் விதித்தார்.

நீண்ட தாடியும் காலில் செருப்புமாய்த் திரிந்தவர் அவர். மலையேற்றத்திலே பெருவிருப்பம் உடையவர். ஊடகங்களின் வெளிச்சத்தை நாடாதவர். இணையப் பெயர்கள் பொன் விலைக்கு விற்ற காலத்திலும் அவர் ஆராய்ச்சிக் கழக ஊழியராகவே இருந்தார்.

இறுதி ஆண்டு

1990-களில் வணிகம் இணையத்துள் புகுந்தது. அமெரிக்க அரசின் ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் ஒன்று பெயர்களைப் பதிந்து, 1995 முதல் கட்டணமும் வாங்கியது. யார் பெயர்களுக்குத் தலைவர் என்னும் பூசல் மூண்டது. 1998 ஜனவரி 28-ஆம் நாள் போஸ்டல் ஒரு காரியம் செய்தார். மூல வேர் வழங்கியைப் பார்த்துப் படியெடுத்து வந்த வேர் வழங்கிகள் பன்னிரண்டு. அவற்றுள் எட்டனைக் காத்தவர்களுக்கு மடல் எழுதி, அந்நிறுவனத்தின் மூலப்படியை விட்டுத் தம்மிடம் உள்ள படியைப் பின்பற்றுமாறு கேட்டார். எண்மரும் மறுபேச்சின்றி அவ்வாறே செய்தனர். பயனாளர் ஒருவருக்கும் ஓர் இடையூறும் நேரவில்லை. அமெரிக்க அரசு வெகுண்டது. ஒரு வாரத்துக்குள் பழைய நிலை மீண்டது. பொறுப்பு கைமாறுங்கால் வேர் அசையாமல் மாற்ற இயலுமா என்று பார்த்த சோதனையே அது என்பது அவர் தந்த விளக்கம். தம் வலிமையைக் காட்டினார் என்று கருதுவாரும் உளர்.

இரண்டில் எதனை நம்பினும் ஓர் உண்மை தெளிவாயிற்று. எல்லாவற்றுக்கும் இரண்டு வேண்டும் என்று விதித்த முறையின் உச்சியிலே, ஒரே ஒரு மனிதர் நின்றிருந்தார். அவர் நல்லவர் என்பதே உலகுக்கு இருந்த காப்பு. அவருக்கு மாற்று இல்லை. இதனை அவரும் உணர்ந்திருந்தார். தம் பணியை ஒரு பொது அமைப்பின் கையில் ஒப்படைக்க அவ்வாண்டு முழுவதும் உழைத்தார். 1998 செப்டம்பர் 30-ஆம் நாள் ஐகான் என்னும் அவ்வமைப்பு பதிவாயிற்று. அதன் தொழில்நுட்பத் தலைவராக அவர் அமர இருந்தார்.

அமரவில்லை. இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் நேர்ந்த கோளாற்றால் 1998 அக்டோபர் 16-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலீசில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு அகவை 55. புதிய அமைப்பு பிறந்து பதினாறே நாட்கள் ஆகியிருந்தன. சிறிது முந்தியிருப்பின் கணக்கு யார் கைக்குப் போயிருக்குமோ! அவர் மறைந்த அன்று இணையத்தில் ஒரு பெயரும் விடை தராமல் நிற்கவில்லை. அஞ்சல்கள் சென்றன, ஏடுகள் திறந்தன, அவர் இறந்த செய்தியே அவர் வகுத்த வழியில்தான் உலகெங்கும் பரவிற்று. ஒரு பொறியாளருக்கு இதனினும் சிறந்த நினைவுச் சின்னம் உண்டோ?

அவருக்குப் பின்னும் அவர் நெறி வளர்ந்தது. 2002 அக்டோபர் 21-ஆம் நாள் பதின்மூன்று வேர் வழங்கிகளையும் ஒருசேரத் தாக்கினர் சிலர். பல தடுமாறின, எனினும் மக்கள் உணரவில்லை. அதன்பின் ஒரே எண்ணுக்குப் பல ஊர்களில் படிகள் வைக்கும் முறை பரவியது. 2005-இல் நம் சென்னைக்கும் அத்தகைய வேர்ப்படி ஒன்று வந்தது. இன்று உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உள்ளன. ஒன்று ஓய்ந்தால் கேள்வி தானாகவே அடுத்த ஊருக்குச் செல்லும்.

நண்பர்களே, நம் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். உறுப்பினர் ஏடு ஒருவர் பெட்டியில், நூலகச் சாவி ஒருவர் பையில், வரவு செலவு ஒருவர் மனத்தில் என்று இருப்பதைப் பல சங்கங்களில் காண்கிறோம். அவர் தேர்வெழுதி ஊர் திரும்பினால் சங்கமும் அவரோடு போய்விடுகிறது. உழைப்பவர் ஒருவராய் இருப்பது குற்றமன்று. போஸ்டலும் ஒருவராகவே உழைத்தார். ஆனால் அவர் எழுதி வைத்தார். எழுதியதை எல்லோரும் காண வைத்தார். இறுதியில் பிறர் கையில் ஒப்படைக்கவும் முனைந்தார். நம் கையில் உள்ள குறிப்பேட்டுக்கு இன்றே ஒரு படி எடுப்போம். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையரிடம் அதனைத் தருவோம். அப்பெரியாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.